பட்டியலா, பண்பா? ஆளுமைக் கோளாறை அளக்கும் வழி

ஒன்பது அறிகுறிகள். அவற்றில் ஏதேனும் ஐந்து இருந்தால் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. நான்குதான் என்றால் கோளாறு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். கையேட்டில் இன்றும் உள்ள விதி இது. கணக்குப் போட்டால் இந்த விதியை 256 விதங்களில் நிறைவு செய்யலாம். ஒருவர் கைவிடப்படுவோமோ என்று சதா பதறுகிறார், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறார், உள்ளே வெறுமையை உணர்கிறார், தான் யார் என்பதில் தெளிவில்லாமல் தவிக்கிறார், அவர் மனநிலை நாளுக்குள் பலமுறை மாறுகிறது. இன்னொருவர் அடங்காத கோபக்காரர், யோசிக்காமல் எதிலும் இறங்குபவர், இன்று தலையில் வைத்துக் கொண்டாடிய உறவை நாளை உதறுபவர், நெருக்கடி வந்தால் எல்லோரையும் சந்தேகிப்பவர். அவருக்கும் மனநிலை மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்தக் கடைசி அறிகுறி ஒன்றுதான். ஆனாலும் இருவர் கோப்பிலும் ஒரே பெயர்தான் எழுதப்படும். ‘அப்செஸிவ் கம்பல்சிவ்’ ஆளுமைக் கோளாறில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எட்டில் நான்கு போதும் என்பதால், ஒரே பெயர் பெற்ற இருவருக்கிடையே ஓர் அறிகுறிகூடப் பொதுவாக இல்லாமல் போகலாம்.

இந்தக் குறையைக் காட்டித்தான் கடந்த நாற்பது ஆண்டுகளாக ஓர் ஆய்வு மரபு வளர்ந்திருக்கிறது. கோளாறுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிக்க வேண்டாம். எல்லா மனிதரிடமும் கூடியும் குறைந்தும் காணப்படும் ஆளுமைப் பண்புகளை அளப்போம், அளவு எங்கே எல்லை மீறுகிறது என்று பார்ப்போம் என்பது அதன் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பழைய முறை குறையுள்ளது என்பதால் மட்டும் புதிய முறை சரியாகிவிடாது. அதைத் தனியாக நிறுத்தி மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அது நிலையாக அளக்கிறதா? அளந்தது வாழ்க்கையில் நடப்பதை முன்கூட்டிச் சொல்கிறதா? சொன்னது சிகிச்சைக்கு உதவுகிறதா?

எப்படி வந்தது இந்த வாதம்

1980இல் வந்த டி.எஸ்.எம்-III ஆளுமைக் கோளாறுகளுக்குத் தனி அச்சு ஒன்றை ஒதுக்கியது. அதற்கு முன் மருத்துவரின் உள்ளுணர்வை நம்பியே நடந்த நோயறிதலுக்கு எண்ணிப் பார்க்கக்கூடிய விதிகள் கிடைத்தன. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பயன்பாட்டில் மூன்று சிக்கல்கள் முளைத்தன. ஒருவருக்கு ஒரு கோளாறு என்று சொல்லிப் போனால் இரண்டு மூன்று பட்டியல்களில் அவர் பொருந்தினார். எந்தப் பட்டியலிலும் முழுதாகப் பொருந்தாமல், ‘வேறெங்கும் குறிப்பிடப்படாதது’ என்ற மிச்சப் பெட்டியில் விழுந்தவர்கள் ஏராளம். ஐந்து, நான்கு என்ற வெட்டுப்புள்ளிகளுக்கு உறுதியான ஆய்வு அடிப்படையும் இருக்கவில்லை.

மறுபக்கம், ஆளுமை உளவியல் வேறொரு பாதையில் நடந்துகொண்டிருந்தது. 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை விவரிக்கும் சொற்களாக ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் புள்ளியியலால் சலித்துச் சலித்து அவற்றை ஐந்து பெரும் பண்புகளாகச் சுருக்கினார்கள்: மனக்கலக்கம், புறநோக்கு, புதியதை ஏற்கும் மனம், இணக்கம், பொறுப்புணர்வு. பால் கோஸ்டா, ராபர்ட் மெக்ரே இருவரும் 1992இல் வெளியிட்ட 240 கேள்விகள் கொண்ட வினாத்தாள் இந்த ஐந்தையும் முப்பது உட்கூறுகளாக அளந்தது. 1994இல் கோஸ்டாவும் தாமஸ் விடிகரும் சேர்ந்து தொகுத்த நூல் இரண்டு பாதைகளையும் இணைத்தது. ஆளுமைக் கோளாறு என்பது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பொருளல்ல, சாதாரணப் பண்புகளின் மிகையான வடிவமே என்பது அவர்கள் நிலைப்பாடு. பத்தாண்டுகள் கழித்து வந்த தொகுப்பாய்வுகள் பண்புக்கும் கோளாறுக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தன. மனக்கலக்கம் மிகுந்தும் இணக்கம் குறைந்தும் இருப்பது கோளாறுகள் பலவற்றுக்கும் பொது என்று தெரிந்தது.

இந்தப் பொதுத்தன்மையிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல கோளாறுகளில் இதே கோலம் தெரிகிறதென்றால், பண்புகள் கோளாறு இருப்பதைக் காட்டுகின்றன. எந்தக் கோளாறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை. இந்த இடத்துக்கு நாம் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

2012இன் சண்டை

டி.எஸ்.எம்-5 தயாரிப்பில் ஆண்ட்ரூ ஸ்கோடால் தலைமையிலான ஆளுமைக் கோளாறுப் பணிக்குழு பண்பு முறையைக் கொண்டுவர முயன்றது. எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. ஆரன் பெக், பீட்டர் ஃபோனகி, ஜான் கண்டர்சன், ஓட்டோ கெர்ன்பெர்க் போன்ற சிகிச்சைத் துறையின் பெரிய பெயர்கள் சேர்ந்து 2010இல் எழுதினார்கள்: மருத்துவர் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவரை முழு மனிதராகப் பார்க்கிறார், மதிப்பெண் வரிசையாகப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மறுபக்கம், பண்பு ஆய்வில் முன்னோடியான கனடாவின் ஜான் லிவ்ஸ்லியும் நெதர்லாந்தின் ரோயல் வெர்ஹெயுலும் முன்மொழிவு குழப்பமானது, சான்றோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி 2012 ஏப்ரலில் குழுவைவிட்டே விலகினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு பழைய பத்துக் கோளாறுகளை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய முறையை ‘மாற்று மாதிரி’ என்ற பெயரில் மூன்றாம் பகுதிக்குத் தள்ளியது. 2013இல் வெளிவந்த கையேட்டில் ஒரே நோய்த்தொகுதிக்கு இரண்டு முறைகள் அருகருகே அச்சாகின.

அந்த மாற்று மாதிரிக்கு இரண்டு கால்கள். முதலாவது, ஒருவரின் ஆளுமை எவ்வளவு செயலிழந்திருக்கிறது என்ற மதிப்பீடு. தன்னைப் பற்றிய தெளிவு, தன்னை வழிநடத்தும் திறன், பிறர் மனதை உணர்தல், நெருக்கமான உறவு ஆகிய நான்கையும் பார்த்து பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பிட வேண்டும். இரண்டைத் தொட்டால்தான் கோளாறு பற்றிப் பேசவே முடியும். இரண்டாவது, பண்புகள். எதிர்மறை உணர்வு மிகுதி, ஒதுங்கிநிற்றல், பிறரோடு மோதும் இயல்பு, கட்டுப்பாடின்மை, விசித்திர எண்ணப்போக்கு என்று ஐந்து பெரும் பிரிவுகள்; அவற்றுக்குள் இருபத்தைந்து உட்கூறுகள்.

வினாத்தாளை அருகில் வைத்துப் பார்த்தால்

இந்த இருபத்தைந்தையும் அளக்க ராபர்ட் குரூகரும் சகாக்களும் உருவாக்கியதுதான் பி.ஐ.டி-5. 220 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நோயாளியே பூஜ்யம் முதல் மூன்று வரை குறிக்க வேண்டும். ஓர் உட்கூறுக்குரிய வாக்கியங்களின் சராசரியே அதன் மதிப்பெண். உணர்ச்சி நிலையின்மை, பதற்றம், பிரிவச்சம் மூன்றின் சராசரி ‘எதிர்மறை உணர்வு மிகுதி’ ஆகிறது. ஓர் உட்கூறில் கால்பங்குக்கு மேல் பதில் விடுபட்டால் அதைக் கணக்கிடக் கூடாது என்ற கறாரும் உண்டு. 100 வாக்கியச் சுருக்க வடிவமும் 25 வாக்கியக் குறும்வடிவமும் வந்துவிட்டன. இலவசமாகக் கிடைப்பதால் உலகெங்கும் பரவியது.

இது உண்மையான சாதனை. கூர்மையான மருத்துவர் ஒருவர் பல அமர்வுகளில் சேகரிக்கும் விவரத்தின் முதல் வரைபடம் அரைமணி நேரத்தில் கையில் கிடைக்கிறது. வெறுமையும் பிரிவச்சமும் மிகுந்தவரையும், பகைமையும் திடீர் உந்துதலும் மிகுந்தவரையும் அது ஒரே பெயரால் மூடிவிடுவதில்லை. தொடக்கத்தில் நாம் பார்த்த இருவரும் இந்தத் தாளில் இரு வேறு மனிதர்களாகவே தெரிவார்கள்.

குறைகளும் அதே தாளில்தான் இருக்கின்றன. பதில் சொல்பவர் அக்கறையோடு சொன்னாரா, மிகைப்படுத்தினாரா, மறைத்தாரா என்று சோதிக்கும் அளவுகோல் எதுவும் முதல் வடிவத்தில் இல்லை. முன்னுக்குப்பின் முரணான பதில்களைப் பிடிக்கும் வழியைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. தன்னைப் பற்றிய பார்வை பிசகியிருப்பதையே கோளாறின் மையமாகச் சொல்லிவிட்டு, அந்தப் பார்வையையே சாட்சியாக அழைக்கிறோம். தாமஸ் ஓல்ட்மன்ஸும் எரிக் டர்க்ஹைமரும் அமெரிக்க விமானப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வு இங்கே முக்கியம். தன்னைப் பற்றித் தான் சொன்னதும் கூடப் பயிற்சி பெற்றவர்கள் சொன்னதும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போயின. யார் பணியிலிருந்து சீக்கிரம் வெளியேறுவார் என்பதைக் கணிக்கத் தோழர்களின் சொல் தனியாக உதவியது. பி.ஐ.டி-5க்கு உறவினரோ நண்பரோ நிரப்பும் வடிவமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் சுயமதிப்பீட்டை மட்டும் வைத்து முடிவெடுப்பவர் கருவியின் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்.

முதல் கேள்வி: நிலையாக அளக்கிறதா?

2011இல் கிறிஸ்டியன் மார்கனும் சகாக்களும் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனநலச் சிக்கல்களை ‘உண்டு, இல்லை’ என்று வெட்டாமல் தொடர் அளவாக அளந்தால் நம்பகத்தன்மை 15 விழுக்காடும் செல்லுபடித்தன்மை 37 விழுக்காடும் உயர்ந்தன. பண்பு முறையின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் எண்கள் இவை. ஆனால் இவை எதை நிரூபிக்கின்றன என்று கவனிக்க வேண்டும். வெட்டுவதால் தகவல் இழக்கப்படுகிறது என்பதை நிரூபிக்கின்றன. பண்புகளின் பட்டியல் அறிகுறிகளின் பட்டியலைவிட உயர்ந்தது என்பதை நிரூபிக்கவில்லை. பழைய ஒன்பது அறிகுறிகளையே ‘ஐந்து இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘எத்தனை இருக்கின்றன’ என்று எண்ணினாலும் இந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். முதல் கேள்வியில் தொடர் அளவு வென்றது. பண்புகள் அந்த வெற்றியில் பங்காளி மட்டுமே.

மாற்று மாதிரி இந்தப் பாடத்தைத் தானே முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதில் பார்டர்லைன் நோயறிதலுக்கு ஏழு பண்புகளில் நான்கு வேண்டும். அவற்றில் ஒன்றாவது திடீர் உந்துதல், ஆபத்தைத் தேடுதல், பகைமை ஆகிய மூன்றுக்குள் இருக்க வேண்டும். இதையும் கணக்குப் போட்டேன்: 63 வழிகள். 256இலிருந்து 63 என்பது குறைவுதான். ஆனால் நான்கு நான்கு பண்புகளோடு தகுதிபெறும் இருவருக்கு ஒரே ஒரு பண்பு மட்டும் பொதுவாக இருக்கும் நிலை இங்கேயும் சாத்தியமே. பெட்டிகளை உடைக்க வந்த முறை, பழகிய பெயர்களைக் காப்பாற்றும் கட்டாயத்தில் எண்ணிக்கை விதியைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருக்கிறது. செயலிழப்பு மதிப்பீடு என்ற பொதுக் கால் இருப்பதால்தான் இந்த முறை பழையதைவிடத் தாங்கி நிற்கிறது.

இரண்டாம் கேள்வி: வாழ்க்கையை முன்கூட்டிச் சொல்கிறதா?

இங்கேதான் பண்பு முறையின் பலமான சான்று இருக்கிறது. பிரௌன், கொலம்பியா, ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1990களின் நடுவில் 668 நோயாளிகளோடு ஒரு கூட்டாய்வைத் தொடங்கிப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எல்லோரும் நிலையானது என்று நம்பியிருந்த நோயறிதல், நிலையற்றதாக வெளிப்பட்டது. பத்தாண்டு முடிவில் பார்டர்லைன் நோயாளிகளில் 85 விழுக்காட்டினர் அந்த வரையறைக்குள் இல்லை. ஆனால் வேலை, உறவு, அன்றாட வாழ்வு ஆகியவற்றில் அவர்கள் பட்ட சிரமம் அதே வேகத்தில் குறையவில்லை. மேரி ஸனரினி மக்லீன் மருத்துவமனையில் 290 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே காட்டியது. பத்தாண்டுகளில் 93 விழுக்காட்டினருக்குக் குறைந்தது இரண்டாண்டுகள் அறிகுறிகள் விலகியிருந்தன. அறிகுறி விலகி, சமூக வாழ்வும் வேலையும் சீராக அமைந்தவர்கள் பாதிப் பேர்தான்.

பெயர் போய்விட்டது, துன்பம் போகவில்லை என்றால், அந்தப் பெயர் எதைத்தான் அளந்தது? கூட்டாய்வு இதற்கும் ஒரு விடை தந்தது. பழைய நோயறிதல்கள் தொடக்கக் காலத்து நிலைமையை நன்றாகச் சொன்னாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கின; பண்பு அளவுகளின் முன்கணிப்பு நீடித்தது. சாதாரணப் பண்புகளையும் கோளாறு சார்ந்த பண்புகளையும் சேர்த்து அளக்கும் லீ அன்னா கிளார்க்கின் அளவுகோல் ஒட்டுமொத்தத்தில் முன்னே நின்றது. அதே நோயாளிகளிடம் 2004இல் வெளியான இன்னோர் ஆய்வு, பார்டர்லைன் உட்பட மூன்று கோளாறுகளில் பண்பு மாறியபின் கோளாறு மாறுவதையும், கோளாறு மாறியபின் பண்பு மாறாததையும் காட்டியது. நான்காவதான அப்செஸிவ் கம்பல்சிவ் கோளாறில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. விதிவிலக்கு இருந்தாலும் காரண காரிய ஓட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதற்கு இதுபோன்ற சான்று இத்துறையில் அரிது.

ஆனால் அதே தரவிலிருந்து 2011இல் கிறிஸ்டோபர் ஹாப்வுட் குழு எடுத்த முடிவு, பண்பு முறையின் பெருமையைச் சற்றே திருத்தி எழுதுகிறது. இன்றைய சிரமத்தையும் நாளைய சிரமத்தையும் மிக வலுவாகக் கணித்த தனி அளவு, கோளாறின் ஒட்டுமொத்தத் தீவிரம். எந்த வகை என்பதும் எந்தப் பண்பு என்பதும் அதற்குப் பின்னால்தான் வந்தன. 2015இல் கார்லா ஷார்ப்பும் சகாக்களும் அறிகுறிகளின் அமைப்பை ஆராய்ந்தபோது, பார்டர்லைன் அறிகுறிகள் தனிக் கொத்தாகத் திரளாமல் எல்லாக் கோளாறுக்கும் பொதுவான காரணியிலேயே போய் விழுந்தன. நாம் ஒரு தனி நோய் என்று நினைத்தது, ஆளுமை செயலிழப்பதன் பொது முகமாக இருக்கக்கூடும்.

இரத்த அழுத்தம் போலத்தான் இதுவும்: எல்லோரிடமும் உள்ள ஓர் அளவு, எந்த எல்லையில் உறுப்புகளைக் கெடுக்கத் தொடங்குகிறது என்பதே மருத்துவத்தின் கேள்வி. பதற்றம் மிகுந்தவரெல்லாம் நோயாளி அல்ல. பிறரோடு மோதும் இயல்புள்ள ஒருவர் வெற்றிகரமான வழக்கறிஞராக, நல்ல நண்பராக வாழ்ந்துவிடலாம். பண்பின் மதிப்பெண் உயர்ந்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒருவரைக் கோளாறுக்காரர் என்று எழுதுவது பழைய பட்டியலைவிடப் பெரிய அநீதியில் முடியும். ஏனெனில் அது நோயை அல்ல, மனிதரின் இயல்பையே குற்றமாக்குகிறது.

செயலிழப்பு மதிப்பீடும் பண்பு மதிப்பெண்களும் ஒன்றோடொன்று பெரிதும் ஒட்டிப்போவதால் முதலாவது கூடுதலாக எதையும் தருவதில்லை என்று ஜோஷுவா மில்லர், டொனால்ட் லினம் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். புள்ளிவிவர அளவில் அது கவனிக்க வேண்டிய வாதம். இரண்டையும் ஒரே நபரின் சுயமதிப்பீட்டால் அளந்தால் ஒட்டத்தான் செய்யும். ஆனால் ஒட்டிப்போகின்றன என்பதால் இரண்டு கேள்விகளும் ஒன்றாகிவிடுவதில்லை. ஒன்று ‘எப்படிப்பட்டவர்’ என்று கேட்கிறது. மற்றது ‘எவ்வளவு துன்பம்’ என்று கேட்கிறது.

மூன்றாம் கேள்வி: சிகிச்சைக்கு உதவுகிறதா?

337 மனநலப் பணியாளர்களிடம் நடத்திய, 2014இல் வெளியான ஆய்வில் மாற்று மாதிரி பல அம்சங்களில் பழையதைவிடப் பயனுள்ளதாக மதிப்பிடப்பட்டது. நோயாளியிடம் பேசவும் அவரை முழுமையாக விவரிக்கவும் உதவுகிறது என்றார்கள். ‘உங்களுக்கு இந்தக் கோளாறு’ என்று சொல்வதைவிட ‘பிரிவு என்றால் உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கிறது, அந்த வலியில் அவசரமாக முடிவெடுத்துவிடுகிறீர்கள்’ என்று சொல்வது கனிவானது, உண்மைக்கும் நெருக்கமானது. ஆனால் மருத்துவர் விரும்புவதும் நோயாளி குணமடைவதும் வேறுவேறு அளவீடுகள்.

குணமடைதலின் சான்று இன்னும் பழைய பெயரின் கீழ்தான் சேர்ந்திருக்கிறது. மார்ஷா லினஹன் 1991இல் வெளியிட்ட டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) சிகிச்சைச் சோதனையும், பேட்மனும் ஃபோனகியும் 1999இல் வெளியிட்ட சோதனையும் பார்டர்லைன் என்று பெயரிடப்பட்டவர்களைச் சேர்த்து நடத்தப்பட்டவை. பண்புகள் மாறக்கூடியவை என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரென்ட் ராபர்ட்ஸ் குழு 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் பண்புகள், குறிப்பாக மனக்கலக்கம், கணிசமாக மாறுவது தெரிந்தது. பண்புகளையே நேரடியாகக் குறிவைத்து ஷானன் சாவர்-சவாலா உருவாக்கிய சிகிச்சை முறை போன்ற முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் பண்புக் கோலத்தைப் பார்த்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் நோயாளி கூடுதலாகத் தேறுகிறார் என்று நேருக்கு நேர் காட்டும் வலுவான சான்றை இந்த மரபு இன்னும் முன்வைக்கவில்லை. மூன்றாம் கேள்வியில் பண்பு முறை தோற்கவில்லை. தேர்வையே முழுதாக எழுதவில்லை.

பண்பாட்டுக் கேள்வியும் இங்கேதான் வருகிறது. ஐந்து பெரும் பண்புகள் ஆங்கிலச் சொற்களிலிருந்து பிறந்தவை. பொலிவியாவின் சிமானே மக்களிடம் 632 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில் அந்த ஐந்து தெளிவாகக் கிடைக்கவில்லை. பி.ஐ.டி-5இன் உட்கூறுகளில் பிரிவச்சமும் அடங்கிப்போதலும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்களைக் கேட்டே முடிவெடுத்துப் பழகிய ஒருவர் இவற்றில் பெறும் மதிப்பெண்ணை அமெரிக்கச் சராசரியோடு ஒப்பிட்டு ‘அதிகம்’ என்று சொல்வது அளவீடு ஆகாது. உள்ளூர் மக்களிடம் எடுத்த சராசரி இல்லாத இடத்தில் அந்த எண் உரையாடலைத் தொடங்கிவைக்க உதவும், தீர்ப்பெழுத உதவாது.

தீர்ப்பு

2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 என்ற நோய் வகைப்பாடு, இந்தச் சான்றுகளை டி.எஸ்.எம்-ஐவிடத் துணிவாக ஏற்றிருக்கிறது. பீட்டர் டைரர் தலைமையிலான குழு பழைய வகைகளைக் கைவிட்டு, முதலில் தீவிரத்தைக் கேட்டது: லேசானதா, மிதமானதா, கடுமையானதா? பிறகுதான் ஐந்து பண்புப் பிரிவுகள், அதுவும் தேவைப்பட்டால். விசித்திர எண்ணப்போக்கு அங்கே ஸ்கிசோஃபிரினியா சார்ந்த பிரிவில் இருப்பதால் அதற்கு இடமில்லை. ஒழுங்கின்மீது அளவுகடந்த பிடிப்பு ஐந்தாவதாக நிற்கிறது. சிகிச்சை பெறும் உரிமை பறிபோகும் என்று ஆளுமைக் கோளாறு ஆய்வுச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தபின் ‘பார்டர்லைன் கோலம்’ என்ற கூடுதல் குறிப்பு சேர்க்கப்பட்டது. கோட்பாட்டில் இது சமரசம். நடைமுறையில் சரியான முடிவு. முப்பதாண்டுச் சிகிச்சைச் சான்று ஒரு பெயரின் கீழ் சேர்ந்திருக்கும்போது, அதற்கு ஈடான சான்று வரும்வரை அந்தப் பெயரை அழிப்பது நோயாளியைத்தான் தண்டிக்கும்.

என் முடிவு இது. ஆளுமைக் கோளாறுகளைப் பெட்டிகளாகப் பிரிக்கும் முறை அளவீடு என்ற தகுதியை இழந்துவிட்டது. அதைத் தாங்கிப்பிடிக்கும் ஆய்வு ஆதாரம் இன்று இல்லை. அந்த இடத்துக்குப் பண்பு அளவீடு வரலாம், ஆனால் தனியாக அல்ல. கோளாறு உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது தீவிரம். அந்தக் கோளாறு இந்த மனிதரிடம் எப்படி வெளிப்படுகிறது என்று சொல்ல வேண்டியது பண்பு. இந்த வரிசையை மாற்றிப் பயன்படுத்தும் எந்த வினாத்தாளும், எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், தவறான கருவியாகிவிடும். சுயமதிப்பீடு மட்டும் உள்ள கோப்பை மருத்துவர் நோயறிதலாக ஏற்கக் கூடாது. கூட வாழ்பவரின் சொல்லும் நேர்காணலும் அதில் சேர வேண்டும். ஆய்வாளர்கள் இனி இன்னொரு காரணிப் பகுப்பாய்வைச் சேர்ப்பதால் இந்த வழக்கு முன்னேறாது. பண்புக் கோலம் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களையும் வழக்கமான முறையில் பெற்றவர்களையும் ஒப்பிட்டு, ஐந்தாண்டு கழித்து யார் வேலையில் நிலைத்திருக்கிறார், யாருடைய உறவு தாங்கியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அளவீடு சரிதான் என்று நிரூபித்துவிட்டார்கள். அது நோயாளிக்குப் பயன்படுகிறது என்று நிரூபிக்கும் கடன் அவர்களிடம் பாக்கியிருக்கிறது.